பாட்டிலில் இருப்பது தைலமா, தேங்காய் எண்ணெயா?

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கும் பஸ்ஸில் பாதிப் பேரின் பையில் சாக்லேட் பொட்டலமும் ஒரு சின்ன நீலகிரித் தைல பாட்டிலும் இருக்கும். ஆவி பிடிக்க, மூட்டில் தேய்க்க, வீடு துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டு விட என்று திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் தைலத்துக்கு வேலை இல்லாத மாதமே கிடையாது. நாட்டு மருந்துக் கடையிலிருந்து கிராம்புத் தைலம், எலுமிச்சம்புல் தைலம், பூஜை சாமான் கடையிலிருந்து சந்தனம், மல்லிகை என்று மற்றவையும் வந்து சேர்கின்றன. இவற்றின் சுத்தத்தை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஆனால் வீட்டுச் சோதனைகள் மட்டமான கலப்படத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். விஷயம் தெரிந்தவர் செய்த கலப்படம் தப்பிவிடும். எந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

1. முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். இலை, பட்டை, மொட்டு ஆகியவற்றை நீராவியில் வடித்து எடுப்பது ஒரு வகை. நீலகிரி, எலுமிச்சம்புல், கிராம்பு எல்லாம் இதில் வரும். மூலிகையை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ போட்டுக் காய்ச்சுவது இன்னொரு வகை. தலைக்குத் தேய்க்கும் தைலங்கள், வலித் தைலங்கள் பலவும் இரண்டாவது வகை. அவை காகிதத்தில் எண்ணெய்க் கறை விடத்தான் செய்யும். அதைக் கலப்படம் என்று சண்டைக்குப் போகக் கூடாது. கீழே சொல்லும் சோதனைகள் வடித்த எண்ணெய்க்கு மட்டும்.

2. காகிதச் சோதனைதான் எல்லாவற்றிலும் எளிது, பலனும் அதிகம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் வெற்றுப் பக்கம் போதும். வழவழப்பான தாள் வேண்டாம். இடப்பக்கம் தைலத்தில் ஒரு சொட்டு, வலப்பக்கம் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு. எது எது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை தைலம் பட்டால் கரைந்து ஓடும். ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

நல்ல நீலகிரித் தைலம் முதலில் அகலமாகப் பரவும், தாள் கண்ணாடி மாதிரி தெளியும். பிறகு விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். நம்மூர் வெயிலில் அதிக நேரம் பிடிக்காது. காய்ந்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் பட்ட இடம் பஜ்ஜி மடித்த காகிதம் போல வெளிச்சம் விடும். தைலம் பட்ட இடத்தில் அப்படி ஒரு வட்டம் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு எண்ணெய்க் கறை நின்றுவிட்டால் தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ கலந்திருக்கிறது என்று பொருள். கறையின் அளவை வைத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் ஏறக்குறைய ஊகிக்கலாம்.

3. எல்லாத் தைலமும் ஒரே வேகத்தில் காயாது. கிராம்பு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், லேசாகப் பழுப்பு நிறமும் விடும். சந்தனமும் வெட்டிவேரும் நாள்கணக்கில் தாளில் நிற்கும். அவற்றின் இயல்பே அதுதான். சந்தன எண்ணெயைக் காகிதத்தில் விட்டு ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொன்னால் நல்ல சரக்கையும் கள்ளச் சரக்கு என்று சொல்லிவிடுவோம்.

4. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து இரண்டு சொட்டு விடுங்கள். நீலகிரி, எலுமிச்சம்புல், ஏலக்காய், சந்தன எண்ணெய்கள் மிதக்கும். விட்டவுடனே பால் போலக் கலங்கினால் ஸ்பிரிட்டோ, எண்ணெயைத் தண்ணீரில் கரையவைக்கும் சோப்பு வகைப் பொருளோ இருக்கிறது. வீடு துடைக்க என்றே விற்கிற எலுமிச்சம்புல் திரவம் இப்படிக் கலங்குவது இயல்பு. துடைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதில் குற்றம் இல்லை. அதையே சுத்தத் தைலம் என்று சீட்டு ஒட்டி விற்றால் குற்றம்.

5. கிராம்புத் தைலத்துக்கு இந்தச் சோதனை தலைகீழ். அது தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், கிராம்புத் தைலம் ஒரு லிட்டர் 1.04 முதல் 1.06 கிலோ வரை இருக்கும். ஆகவே மூழ்க வேண்டும். சொட்டு சிறியதாக இருந்தால் தண்ணீரின் மேற்பரப்பிலேயே தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பல் குத்தும் குச்சியால் மெல்ல அழுத்திவிடுங்கள், முத்து முத்தாக உருண்டு அடியில் போய் உட்காரும். அழுத்திய பிறகும் மேலேயே வந்து நின்றால் பாதிக்குப் பாதி எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கால்பங்குக்குக் கீழே கலந்திருந்தால் இந்தச் சோதனை காட்டாது, அப்போதும் மூழ்கத்தான் செய்யும். மொட்டிலிருந்து வடித்ததா, விலை குறைவான கிராம்பு இலையிலிருந்து வடித்ததா என்பதையும் இது சொல்லாது. இரண்டும் மூழ்கும்.

6. கிராம்பு என்றதும் பிரியாணி நினைவுக்கு வராமல் இருக்காது. தைலம் வடித்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக் கிராம்பைக் காயவைத்து நல்ல கிராம்போடு கலப்பது பழைய வேலை. வீட்டுக் கிராம்பில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடுங்கள். எண்ணெய் உள்ள நல்ல கிராம்பு அடியில் போகும், சக்கை மிதக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பொதுமக்களுக்குச் சொல்லும் எளிய சோதனைகளில் இதுவும் ஒன்று. சீரகச் சம்பாவும் கறியும் எவ்வளவு ஒசத்தியாக வாங்கினாலும், மிதக்கிற கிராம்பைப் போட்டால் வாசம் எங்கிருந்து வரும்?

7. ஸ்பிரிட் கலந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஹோமியோபதி மாத்திரை வருமே, அந்த மாதிரி ஒல்லியான கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். சிரிஞ்சால் 3 மில்லி தண்ணீர் விட்டு, தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. அதன் மேல் 3 மில்லி நீலகிரித் தைலம். மூடிப் பத்துத் தடவை குலுக்கி, ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீரும் தைலமும் பிரிந்து நிற்கும். பிரியும் எல்லை பழைய கோட்டிலேயே இருந்தால் ஸ்பிரிட் இல்லை. எல்லை கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், தைலத்தில் இருந்த ஏதோ ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. ஸ்பிரிட்டாக இருக்கலாம், வாசனைத் திரவியக்காரர்கள் அளவு கூட்டப் பயன்படுத்தும் கிளைக்கால் ஆகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் செய்கிற பழைய முறையின் வீட்டு வடிவம் இது.

8. எடைச் சோதனை கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு. நகைக்கடைகளில் இருப்பது போன்ற சிறிய எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். ஒரே குப்பியில் முதலில் 5 மில்லி தண்ணீரை எடைபோடுங்கள். பிறகு குப்பியைக் காயவைத்து அதே சிரிஞ்சால் 5 மில்லி தைலம். தண்ணீர் 5 கிராம் காட்டினால், நல்ல நீலகிரித் தைலம் ஏறக்குறைய 4.5 முதல் 4.65 கிராமுக்குள் இருக்க வேண்டும். டர்பென்டைன் 4.3 கிராம்தான் இருக்கும். அது தாராளமாகக் கலந்த தைலம் எடையில் இறங்கிவிடும். சூட்டில் தைலம் விரிந்து எடை இன்னும் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால் மே மாதத்து மத்தியானத்தில் இதைச் செய்யாதீர்கள், காலையில் செய்யுங்கள்.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 5 மில்லியும் 4.6 கிராமை ஒட்டித்தான் வரும். தேங்காய் எண்ணெய் கலந்த நீலகிரி எடையில் தேறிவிடும், காகிதத்தில் மாட்டும். டர்பென்டைன் கலந்தது காகிதத்தில் தப்பி எடையில் மாட்டும். அதனால்தான் ஒரே சோதனையோடு நிறுத்தக் கூடாது.

9. டர்பென்டைனைப் பிடிக்க மூக்கை நம்பலாம். பெயின்ட் கடை வாசம் தெரியாதவர் யார்? காகிதத்தைக் குச்சி போல் கத்தரித்து, நுனியைத் தைலத்தில் தோய்த்து, உடனே ஒரு தடவை, கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை முகருங்கள். நீலகிரியில் முதலில் வருவது மூக்கைத் திறந்துவிடும் குளிர்ச்சி. அதோடு பெயின்ட் நெடி சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். பாட்டில் வாயில் மூக்கை வைத்து முகர்வதில் பயன் இல்லை. இரண்டாவது இழுப்பிலேயே மூக்கு மரத்துப்போகும், பிறகு எல்லாம் ஒன்றுதான். கடைக்காரர் ஐந்து பாட்டிலை வரிசையாக நீட்டும்போது நடப்பது அதுதான்.

10. தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு நீலகிரி விட்டால் குழி விழும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், கடைக்காரர்கள் சிலர் இதையே சுத்தத்துக்குச் சாட்சியாகச் செய்து காட்டுவார்கள். நம்பாதீர்கள். டர்பென்டைனும் பெட்ரோலும்கூடத் தெர்மாகோலைக் கரைக்கும். இந்தச் சோதனையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் தைலத்தை வாங்காதீர்கள், ஊற்றியும் வைக்காதீர்கள்.

11. ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் நிறையக் கலந்திருந்தால் வெள்ளையாகப் படியும் அல்லது கலங்கும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் ஒன்றும் தெரியாது.

12. மல்லிகைக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். கணக்கு ஒன்றே போதும், அந்தக் கணக்கு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே வரும். நிலக்கோட்டைச் சந்தையிலோ திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலோ நின்றவர்களுக்குப் பூ விலை ஏறி இறங்குவது தெரியும். பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, அதோடு முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். கோடையில் வரத்து பெருகும்போது நூறு, இருநூறுக்கு இறங்கும். அப்படி இறங்கும் நாள்களில்தான் சென்ட் ஆலைக்குப் பூ போகிறது.

மல்லிகையை நீராவியில் வடிக்க முடியாது. சூட்டில் வாசம் கெட்டுவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து முதலில் மெழுகு போன்ற ஒரு பொருளை எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவில் கிடைப்பது இரண்டரை, மூன்று கிலோ. அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் மிஞ்சும் அசல் வாசனைச் சாரம் ஏறக்குறையப் பாதி. அப்படியானால் 10 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஏழு கிலோ பூ வேண்டும். பூ கிலோ 150 ரூபாய்க்கே கிடைத்தது என்று வைத்தாலும் பூவுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆலைச் செலவு, கரைப்பான், பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் தனி. இப்போது சொல்லுங்கள், 120 ரூபாய்க்கு விற்கும் ‘ஒரிஜினல் மல்லிகை ஆயில்’ என்னவாக இருக்கும்? செயற்கை வாசனையும் அதைத் தாங்கும் திரவமும்தான். பூஜை அறையில் வைக்க அது போதும், தப்பில்லை. அசல் என்று நினைத்து முகத்தில் பூசிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

13. இதே கணக்கைச் சந்தனத்துக்கும் போடுங்கள். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிய சரக்கு. 10 மில்லியே ஆயிரத்துக்குக் குறைந்து வர வழியில்லை. நீலகிரிக்குக் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது. நூறு கிலோ பச்சைத் தழையில் ஒரு கிலோவை ஒட்டித் தைலம் கிடைத்துவிடும். அதனால் அது மலிவாக இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. கொடைக்கானலில் வாங்கியது என்பதும் சுத்தத்துக்குச் சாட்சி ஆகாது. உலகச் சந்தைக்கு யூகலிப்டஸ் எண்ணெயைப் பெருமளவு கொடுப்பது சீனா. ஏரிக்கரைக் கடையில் இருக்கும் பாட்டில் எந்த மலையிலிருந்து வந்தது என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

14. சீட்டைப் படியுங்கள். தாவரத்தின் அறிவியல் பெயர், தயாரித்த மாதம், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி, மருந்தாக விற்றால் உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டால் ‘ஐ.பி.’ என்று குறித்த நீலகிரித் தைலம் கிடைக்கும். இந்திய மருந்துத் தரநூல்படி தயாரித்தது என்று அதற்குப் பொருள். ஆவி பிடிக்கவும் தேய்க்கவும் அதுவே என் சிபாரிசு; சுற்றுலாக் கடைப் பாட்டிலைவிட அதன் சீட்டுக்குச் சட்டப்படி பொறுப்பு அதிகம். ‘100 சதவீதம் தூய்மை’, ‘தெரபியூடிக் கிரேடு’ போன்ற வார்த்தைகளை விட்டுத்தள்ளுங்கள். அப்படி ஒரு தரத்தை வகுத்துச் சான்று கொடுக்கும் அரசு அமைப்பு எதுவும் இல்லை, விளம்பரத்துக்காக விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. யூகலிப்டஸிலும் இனங்கள் பல உண்டு. குளோபுலஸ் என்றால் மருந்து வாசம். சிட்ரியோடோரா என்றால் எலுமிச்சை வாசம். கொசுவுக்கு ஆகும், சளிக்கு எதிர்பார்க்கும் குளிர்ச்சி அதில் கிடைக்காது.

15. கடைசித் தீர்ப்பு ஆய்வகத்தில்தான். கேஸ் குரோமட்டோகிராபி என்ற கருவி ஒரு துளியை ஆவியாக்கி, நீளமான மெல்லிய குழாய் வழியே செலுத்தி, அதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்துச் சதவீதம் சொல்லிவிடும். வீட்டில் அரை பாட்டில் வாங்குபவர் இதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சோப்பு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி என்று வீட்டுத் தொழில் செய்யும் மகளிர் குழுக்கள் லிட்டர் கணக்கில் வாங்கும்போது, விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் கேனில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஒரு பழைய அறிக்கையை எல்லாக் கேனுக்கும் காட்டுவது நடக்கிறது.

பிறகு மூன்று எண்களைப் பார்த்தால் போதும். மருந்துத் தர நீலகிரியில் சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது ஐரோப்பிய மருந்துத் தரநூல். கிராம்பில் யூஜினால் 75 முதல் 88 சதவீதம். எலுமிச்சம்புல்லில் சிட்ரால் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. நீலகிரி அறிக்கையில் பைனீன் வழக்கத்துக்கு மாறாகத் தூக்கலாக இருந்தால் டர்பென்டைன் வாடை அடிக்கிறது என்று கொள்ளுங்கள்.

16. நல்ல தைலத்தையும் நாமே கெடுத்துவிடுகிறோம். அடர்பழுப்பு அல்லது நீலக் கண்ணாடி பாட்டில், இறுகிய மூடி, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தூரமான அலமாரி. பாட்டிலோடு ரப்பர் சொட்டுக்குழாயைச் செருகியே வைக்காதீர்கள், ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். பாதி தீர்ந்ததும் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு, எலுமிச்சம்புல் எண்ணெய்கள் காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும். கெட்ட எண்ணெய் தோலில் அரிப்பு உண்டாக்கும். திறந்த தேதியைச் சீட்டில் எழுதி, வாசம் மாறியதும் தரை துடைக்க ஒதுக்கிவிடுங்கள்.

17. சுத்தமான தைலம்தான் அதிக ஆபத்து. இதைப் பலரும் மாற்றி நினைக்கிறார்கள். நாக்கில் வைத்துச் சோதிக்காதீர்கள், நெருப்பு வைத்தும் சோதிக்காதீர்கள். நீலகிரித் தைலம் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கடியில் தடவுவதும் வேண்டாம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், 108-ஐ அழையுங்கள். ஆவி பிடிக்கும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சொட்டு விட வேண்டும், எரிகிற அடுப்பின் மேல் அல்ல. தோலில் தேய்க்க ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டுப் போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு மற்ற இடத்தில் தேயுங்கள்.

18. கடையில் பில் கேளுங்கள். இருபது, முப்பது ரூபாய் பாட்டிலுக்கு எதற்குப் பில் என்று கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். கலப்படம் என்று தெரிந்தால் பாட்டிலைத் தூக்கி எறியாமல் சீட்டோடு வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மருந்து உரிம எண்ணோடு விற்றதாக இருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம். பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.